காற்றுப் புகாத பெட்டியும் ஒரே ஒரு ஹைட்ரஜனும்

காற்றை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். தாம்பரத்துக்குத் தெற்கே ஓர் ஆய்வு நிறுவனத்தில் பதினேழு ஆண்டுகளாகத் தொழில்நுட்ப அலுவலராக இருக்கிறேன். என் பொறுப்பில் உள்ள முதன்மையான கருவி, ஒரு கட்டில் அளவுக்கு நீண்ட, கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் பெட்டி. கிளவ் பாக்ஸ் என்போம். அதன் முகப்பில் தோள்வரை நீளும் ரப்பர் கையுறைகள் இரண்டு ஜோடி பொருத்தப்பட்டிருக்கும். வெளியே நின்றபடி அவற்றுக்குள் கைகளை நுழைத்து, உள்ளே இருப்பவற்றை எடுக்கலாம், ஊற்றலாம், கலக்கலாம். உள்ளே நிறைந்திருப்பது நைட்ரஜன். அதனுடன் சிறிது ஹைட்ரஜன். ஆக்சிஜன் மட்டும் கூடவே கூடாது.

பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, ஃப்ரீசர் கதவைச் சரியாகச் சாத்தினோமா என்ற ஐயத்தில் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து திரும்பியவர் உங்களில் யாரேனும் உண்டா? உண்டென்றால் நீங்கள் என் இனம். நம் வேலை ஒழுங்காக நடந்தால் எதுவுமே நடக்காது. எதுவும் நடக்காததற்காக நம்மை யாரும் பாராட்டுவதும் இல்லை. அப்படியிருந்தும் எனக்குச் சில நன்றிக்கடன்கள் சேர்ந்துவிட்டன. அவற்றைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

இடம் மாறும் ஹைட்ரஜன்

எங்களுக்கு நைட்ரஜன் சிலிண்டர்களைக் கொண்டுவந்து இறக்குபவர் ஏழுமலை. கோவளம் பக்கத்து மீனவர் குடும்பம். அண்ணன் தம்பிகள் கடலுக்குப் போக, இவர் மட்டும் சிலிண்டர் வண்டிக்கு வந்துவிட்டார். யாரையும் ஒருமையில்தான் அழைப்பார். எங்கள் பேராசிரியருக்கும் அதே மரியாதைதான். ஒருநாள் சிலிண்டரைச் சங்கிலியில் கட்டிவிட்டு, பெட்டியின் முன் நின்று, "இன்னாதான் மேடம் உள்ள வெச்சினு கீற?" என்று கேட்டார்.

கேட்டவருக்கு முழுமையாகச் சொல்வது என் வழக்கம். காயத்தில் தூவும் பவுடர்கள் சிலவற்றில் நியோமைசின் என்ற மருந்து இருக்கிறது. மண்ணில் வாழும் ஒருவகை பாக்டீரியா அதைப் பல படிகளில் செய்கிறது. கடைசிப் படியில், மூலக்கூறிலுள்ள ஒரு கார்பன் அணுவுக்குக் கீழ்ப்பக்கம் இருக்கும் ஹைட்ரஜன் மேல்பக்கத்துக்கு வரவேண்டும். அது வந்துவிட்டால் மருந்தின் வீரியம் கூடும். ஆனால் அந்தக் கார்பனும் ஹைட்ரஜனும் ஒன்றையொன்று அத்தனை எளிதில் விடுவதில்லை. அவற்றைப் பிரிப்பதற்காக பாக்டீரியாவின் நொதி ஒரு முரடனை உண்டாக்குகிறது. நொதிக்குள் இரும்பு நான்கும் கந்தகம் நான்குமாக ஒரு சிறு அணுக்கொத்து இருக்கிறது. அந்தக் கொத்து ஓர் எலக்ட்ரானைக் கொடுக்க, பக்கத்தில் இருக்கும் 'சாம்' என்னும் மூலக்கூறு உடைந்து, துணையில்லாத ஒற்றை எலக்ட்ரானுடன் ஒரு துண்டு வெளிப்படுகிறது. பாடநூலில் அதற்குப் பெயர் தனி உறுப்பு; ஆய்வகத்தில் ராடிக்கல். அது கீழ்ப்பக்கத்து ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. உடனே நொதி, மேல்பக்கத்திலிருந்து வேறொரு ஹைட்ரஜனைக் கொடுத்துக் காரியத்தை முடிக்கிறது. அந்த இரும்புக் கொத்தின் மீது ஆக்சிஜன் பட்டால் கொத்துச் சிதையும், நொதி செத்துவிடும். அதற்குத்தான் இந்தப் பெட்டி என்று சொல்லி முடித்தேன்.

ஏழுமலை கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "அந்தப் பவுடரு எங்க வூட்ல எப்பவும் கீது. வலை அறுத்தாலும் அதான், முள்ளு குத்துனாலும் அதான்," என்றார். பிறகு பெட்டியை ஒருமுறை சுற்றிவந்து, மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கீழ கீறத எட்த்து மேல வெக்கறதுக்கு இம்மாம் பெரிய பொட்டியா?"

மோதிரம்

பத்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். சேலையூரில் ஒரு பள்ளியில் பதினான்கு ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவர். நாற்பது வயதை நெருங்கும்போது அந்த வேலையை விட்டுவிட்டு, முனைவர் பட்ட ஆய்வுக்கு எங்களிடம் வந்தார். பள்ளிக்கரணைச் சதுப்பு மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவில், நியோமைசின் நொதிக்கு உறவான இன்னொரு நொதி இருந்தது. உறவுக்காரரும் அதே முறையில்தான் வேலை செய்கிறாரா என்பதைக் கண்டுபிடிப்பதே பத்மாவின் ஆய்வு.

இந்த நொதி உயிரோடு இருப்பதை அறியக் கருவி எதுவும் தேவையில்லை, கண் போதும். அரிந்த வாழைக்காய் காற்றுப் பட்டால் கறுக்கும். எங்கள் நொதியோ நேர்மாறு. நலமாக இருக்கும்போது கடுங்காப்பி நிறம். காற்றுப் பட்டால் வெளிறிப்போகும். பத்மா வந்த முதல் ஆண்டில், அவர் தயாரித்த நொதியெல்லாம் மூன்றாம் நாளே வெளிறியது. நான் குழாய்களை மாற்றினேன், ரப்பர் வளையங்களை மாற்றினேன், குறிப்பேட்டில் நான்கு பக்கம் எழுதினேன். காரணம் மட்டும் கிடைக்கவில்லை. சிலிண்டர் இறக்க வந்த ஏழுமலை, "சோப்பு நொரை போட்டுப் பாத்தியா?" என்று கேட்டார். சிலிண்டர் வாயில் கசிவு பார்க்க அவர்கள் செய்வது அதுதான். குழாய் இணைப்புகளில் எல்லாம் தடவினோம், ஒன்றுமில்லை. கடைசியில் கையுறைகள்மீது தடவினோம். நான் பயன்படுத்தும் ஜோடியில், மோதிரவிரலின் மேல் ஒரு சிறு குமிழி எழுந்து உடைந்தது. மறுபடி எழுந்து உடைந்தது. திருமணத்தன்று தேவாலயத்தில் என் கணவர் அணிவித்த மோதிரத்தின் கல், ரப்பரில் ஊசிமுனை அளவு துளை போட்டிருந்தது.

ஓராண்டு உழைப்பு என் விரலால் வீணாயிற்று என்று நான் தலைகுனிந்து நின்றேன். பத்மா அந்தக் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "வீட்ல சார்கிட்ட சொல்லிடுங்க மேடம், இருபத்திரண்டு வருஷத்துல அவர் பண்ணின முதல் ஆராய்ச்சி சக்சஸ்னு."

மோதிரம் அன்றுமுதல் கழுத்துச் சங்கிலியில் இருக்கிறது.

தொங்கிய கைகள்

பெட்டிக்குள் வெளியே இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலான அழுத்தம் எப்போதும் இருக்கவேண்டும். கருவியின் முள்ளைப் பாராமலே அதை அறியலாம். உள்ளே போதிய வாயு இருந்தால், கையுறைகள் நான்கும் வெளிப்பக்கமாக விறைத்து நீட்டிக்கொண்டு, யாருக்கோ கைகொடுக்கக் காத்திருப்பதுபோல் நிற்கும். வாயு குறைந்தால் துவண்டு தொங்கும்.

அந்தக் கார்த்திகை மழையில் மூன்று நாள்களாகச் சிலிண்டர் வண்டி வரவில்லை. நான்காம் நாள் காலை பத்து மணிக்குக் கையுறைகள் தொங்கத் தொடங்கின. உள்ளே பத்மாவின் நொதி சுத்திகரிப்பின் நடுவில் இருந்தது. பாதியில் நிறுத்தவும் முடியாது, வெளியே எடுக்கவும் முடியாது. அடுத்த முறை நொதியைத் தயாரிக்க இரண்டு மாதம் ஆகும். பத்மாவுக்கோ பல்கலைக்கழகம் கொடுத்த நீட்டிப்பும் தை மாதத்துடன் முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். ஏழுமலையைத் தொலைபேசியில் அழைத்தேன். கேம்ப் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர், வண்டி வராது என்றார். சொன்னதில் குறை காண ஏதுமில்லை. நானும் பத்மாவும் ஆளுக்கொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தொங்கும் கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். தெரிந்த செபங்களையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரிந்த சுலோகங்களையெல்லாம் அவரும் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

பகல் இரண்டு மணிக்கு வாசலில் சத்தம் கேட்டது. லாரி எங்கோ நின்றுவிட, ஏழுமலை யாரிடமோ மீன் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றை இரவல் வாங்கி, அதில் இரண்டு சிலிண்டர்களைப் படுக்கவைத்துக் கட்டி, தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். மார்புவரை நனைந்திருந்தார். சிலிண்டரைப் பொருத்தி வால்வைத் திறந்ததும், கையுறைகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. வர முடியாது என்றீர்களே என்று நான் கேட்டபோது, அவர் லுங்கியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "வண்டி நின்னுச்சின்னா நாளிக்கு ஸ்டார்ட் ஆவும். உள்ள கீறது செத்தா திரும்பி வராதுன்னு நீதானே மேடம் சொன்ன?"

காலியான குழி

அந்த மழைநாளில் காப்பாற்றிய நொதியைச் சிறு சிறு பங்குகளாக உறையவைத்து, பத்மா ஒவ்வொரு சோதனையாக முடித்தார். தை இருபதாம் தேதிக்குள் ஆய்வேடு எழுதியாயிற்று. நான்காம் அத்தியாயத்தில் ஒரு படத்துக்கு மட்டும் வெற்றிடம் விட்டிருந்தார். நொதியிலும் ஒரே ஒரு பங்குதான் மிச்சம் இருந்தது. சமர்ப்பிக்க இன்னும் ஒன்பது நாள்.

மிச்சமிருந்த சோதனை இதுதான். பிடுங்கிய ஹைட்ரஜனுக்கு ஈடாக நொதி கொடுக்கும் ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது? நொதியில் ஒரு கந்தக அணு ஏந்தியிருக்கும் ஹைட்ரஜன்தான் அது என்பது பத்மாவின் கருத்து. கந்தகத்தில் இருக்கும் ஹைட்ரஜன், சுற்றியுள்ள நீரின் ஹைட்ரஜனுடன் ஓயாமல் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே சாதாரண நீருக்குப் பதில், இருமடங்கு எடையுள்ள ஹைட்ரஜனைக் கொண்ட கனநீரில் நொதியை வேலை செய்யவிட்டால், சாதாரண ஹைட்ரஜனின் எடையை ஒன்று எனக் கொண்டால், கிடைக்கும் மருந்து மூலக்கூறின் எடை சரியாக ஒன்று கூடவேண்டும். இரண்டு கூடினாலும் தவறு, கூடாவிட்டாலும் தவறு.

இங்கே பிளாஸ்டிக்கைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். புதிய பிளாஸ்டிக் குழாய்களின் சுவருக்குள்ளேயே ஆக்சிஜன் ஊறியிருக்கும். வெளிக்காற்றை எத்தனை முறை உறிஞ்சி எடுத்தாலும் அது போகாது. நாள் கணக்கில் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் எந்தப் புதுக் குழாயும் பெட்டிக்குள் வந்து மூன்று நாள் சும்மா இருந்த பிறகே பயன்பாட்டுக்கு வரும். இந்த விதியை அழகான கையெழுத்தில் எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டியவள் நான்தான்.

சோதனை நாளன்று காலை, அடுத்த வாரத்துக்கென ஒரு புதுப் பொட்டலத்தை உள்ளே அனுப்பினேன். குழாய் அடுக்கும் ரேக்கின் முன்வரிசையில், இடப்பக்கம் ஐந்து குழிகள் காலியாக இருந்தன. காலியான குழி என் கண்ணை உறுத்தும். கை தானாகப் பொட்டலத்தைப் பிரித்து, ஐந்து குழாய்களை எடுத்து நிரப்பிவிட்டு, வரிசை நேராக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டது. பிறகு பத்மா வந்தார். இருவரும் அருகருகே நின்று கைகளை உள்ளே நுழைத்தோம். அவர் இடமிருந்து ஆறு குழாய்களை எடுத்து, மூன்றில் சாதாரண நீரும் மூன்றில் கனநீருமாக நொதியைப் பகிர்ந்து வைத்தார். அது பதப்படக் காத்திருந்த அரைமணி நேரத்தில், முதல் குழாய் வெளிறியது. பிறகு இரண்டாவது. பிறகு மூன்று, நான்கு, ஐந்து.

ஆறாவது மட்டும் கடுங்காப்பி நிறத்திலேயே இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. பத்மாவுக்குப் புரியவில்லை. அவர் ஆறாவது குழாயில் இருப்பதையாவது வேறு ஒன்றுக்கு மாற்றிவிடலாம் என்று, பிரிந்துகிடந்த அந்தப் புதுப் பொட்டலத்தை நோக்கி அவசரமாகக் கையை நீட்டினார். சொல்லாமல் இருந்திருந்தால், நொதி தானாகக் கெட்டது என்றே எல்லோரும் நம்பியிருப்பார்கள். இதை இன்று எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த எண்ணம் ஒரு நொடி வந்து போயிற்று. "தொடாதீர்கள்! அவை காலையில் வந்தவை. இந்த ஐந்தையும் நிரப்பியது நான்தான்," என்றேன். உள்ளே நீட்டிய அவர் கை அப்படியே நின்றது. பெட்டியின் சுவரில் தெரிந்த அவர் முகத்தை என்னால் படிக்க முடியவில்லை. பிறகு பள்ளிக்கூட டீச்சரின் குரலில் அவர் சொன்னார்: "கையை வெளியே எடுங்க மேடம். ஒரு டீ குடிச்சிட்டு வருவோம், இப்போ எது தொட்டாலும் நாம கெடுத்துருவோம்."

மூன்று துளி, மூன்று பங்கு

கேன்டீனில் நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையமர்த்திவிட்டு, டிஷ்யூ காகிதத்தில் கணக்குப் போட்டார். தப்பிய ஆறாவது குழாயில் கனநீர் இருந்தது. அது முதல் அதிர்ஷ்டம். சாதாரண நீரில் செய்த சோதனை அவரிடம் பழைய பதிவுகளில் நிறைய இருந்தது, அது இரண்டாவது. ஆனால் ஒரே ஒரு அளவீட்டை யாரும் ஏற்கமாட்டார்கள், குறைந்தது மூன்று வேண்டும். குழாயில் இருந்ததோ ஏறக்குறைய மூன்று துளி. குழாய்க்கு ஒரு துளியாக மூன்று பழைய குழாய்களில் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே தொடங்கிவைக்கவேண்டும். எவை பழைய குழாய்கள் என்று சொல்லவேண்டிய பொறுப்பு என்னுடையது. நான் நிரப்பிய ஐந்து குழிகளைத் தவிர மற்றவை எல்லாம் ஓய்வெடுத்தவை என்பதை என் குறிப்பேட்டின் தேதிகளோடு இருமுறை ஒப்பிட்டுச் சொன்னேன்.

திரும்பி வந்து பிரித்தோம். அவர் ஊற்ற, நான் குழாயைப் பிடித்துக்கொண்டேன். மூன்றும் கடுங்காப்பி நிறத்திலேயே கடைசிவரை நின்றன. எடை பார்க்கும் கருவி அடுத்த கட்டடத்தில் இருக்கிறது. பத்மா உள்ளே போக, நான் நடைக்கூடத்தில் நின்று, சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு விதிமுறைகளைப் பலமுறை படித்தேன். அவற்றில் இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன.

ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பின் கதவு திறந்தது. அவர் கையில் தாள் எதுவும் இல்லை. வெறும் சுட்டுவிரலை மட்டும் தூக்கிக் காட்டியபடி வந்தார். "ஒண்ணு கூட இருக்கு மேடம். மூணுலயும், கரெக்டா ஒண்ணே ஒண்ணு!"

நன்றியுரைப் பக்கம்

முனைவர் பட்ட ஆய்வேட்டில் நன்றியுரை என்று ஒரு பக்கம் உண்டு. வழிகாட்டி, துறைத்தலைவர், பெற்றோர், கடவுள் என்ற வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. பத்மா இரண்டு நாள் மிச்சமிருக்கும்போதே சமர்ப்பித்துவிட்டார். பைண்டு செய்த பிரதி ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் பிரித்தேன். என்னைப் பற்றி ஒரு வரி இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால், 'தவறு நேர்ந்த அதே நிமிடத்தில் அதைச் சொன்னவர். மிச்சத்தைக் காப்பாற்ற முடிந்தது அதனால்தான்' என்று வரும். பதினேழு ஆண்டுகளில் எத்தனையோ நன்றியுரைகளில் என் பெயர் வந்திருக்கிறது. பொறுமைக்காக, ஒழுங்குக்காக, உதவிக்காக. தவறுக்காக நன்றி பெற்றது இதுவே முதல்முறை. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

அதற்கு அடுத்த வரி ஏழுமலையைப் பற்றியது. வியாழக்கிழமை சிலிண்டரோடு வந்தவரை நிறுத்தி, அந்த வரியைத் தமிழில் படித்துக் காட்டினேன். சோப்பு நுரைக்கும், மழையில் வண்டி தள்ளியதற்கும் நன்றி என்று இருந்தது. அவர் நம்பவில்லை. எந்த இடத்தில் தன் பெயர் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். கை அழுக்காக இருந்ததால் சட்டையில் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை என்னையே பிடித்துக்கொள்ளச் சொல்லிப் படம் எடுத்தார். "எங்க அண்ணனுக்கு அனுப்பணும் மேடம். 'பவுடரு தூவுறியே, அதுல என் கையும் கீதுடா'ன்னு சொல்லணும்."

காற்றை வெளியே நிறுத்தும் கலை எனக்கு நன்றாகவே கைவந்திருக்கிறது. ரேக்கில் ஒரு குழி காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத்தான் இன்னமும் பயிற்சி போதவில்லை.